மும்பைக்கு ரெண்டு மணி நேரம்

அக்காவுக்கு மும்பையில் மாப்பிள்ளை அமைந்தபோது அம்மாவுக்கு மனசே இல்லை. தரகர்தான் விமானக் கணக்குச் சொன்னார். "சென்னைலேந்து ரெண்டு மணி நேரம்தாங்க. நீங்க திருத்தணிலேந்து கோயம்பேடு போய்ச் சேர்றதுக்குள்ள பொண்ணு சென்னைல வந்து நிக்கும்."

அப்பாவை நாங்கள் நைனா என்போம். பஸ் கண்டக்டர். அதே தடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் டிக்கெட் கொடுத்தவர். தனக்குத் தெரிந்த தூரத்தை வைத்துச் சொன்னதால் அவர் உடனே நம்பிவிட்டார். கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக் கல்யாணத்தை முடித்தார்.

போன அக்கா வரவே இல்லை. தலைப்பிரசவத்துக்குக் கூப்பிட்டபோது, "வயித்துப் புள்ளக்காரிய பிளேன்ல ஏத்த முடியாது" என்று அவள் மாமியார் போனை வைத்துவிட்டார்.

பையன் பிறந்து ஒரு மாதம் கழித்து நைனாவும் நானும் பார்க்கப் போனோம். அம்மாவுக்கு மூட்டுவலி. போகிற டிக்கெட்டை மாப்பிள்ளையே அனுப்பியிருந்தார். திரும்புவதற்கு அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது மத்தியானம் ஒன்றரை. அக்கா இளைத்துப்போயிருந்தாள். குழந்தையை நைனா கையில் கொடுத்துவிட்டு, "எத்தினி நாள் இருப்பே நைனா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நாலு நாள் லீவு சொல்லிட்டு வந்துகிறேன்மா."

சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் மாப்பிள்ளை செல்போனை நீட்டினார். "மாமா, ஏழு மணி பிளைட்ல ரெண்டு பேருக்கும் போட்டுட்டேன். வீடு சின்னது, குழந்தைக்குத் தூக்கம் கெட்டுடும். ரெண்டு மணி நேரந்தானே, இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். நான் வாயெடுப்பதற்குள் நைனா என் கையை அழுத்தினார்.

"ஆங், சரிங்க மாப்ள."

பேரனுக்கு வாங்கிய வெள்ளி அரைஞாணை எடுக்கப் பையைத் திறந்தார். மேலேயே அவர் மடித்து வைத்த லுங்கிகள் இருந்தன. யாரும் பார்ப்பதற்குள் அவற்றை அவசரமாக அடியில் திணித்தார்.

விமானத்தில் அவர் ஒன்றே ஒன்றுதான் பேசினார். "அம்மாகிட்ட, டிப்போல லீவ கேன்சல் பண்ணிட்டாங்கன்னு சொல்லிடும்மா."

மறுநாள் காலையிலேயே டியூட்டிக்குப் போய்விட்டார். அம்மா வாரக்கணக்கில் அவரைத் திட்டித் தீர்த்தாள். "பேரனப் பாக்க நாலு நாள் லீவு வாங்கத் துப்பில்ல. நீயெல்லாம் ஒரு தாத்தா!" அவர் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்த அக்காவிடமும் அம்மா அதையே சொல்லிப் புலம்பினாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. "ஆமாம்மா, நாங்க எவ்ளோ சொல்லியும் நைனாதான் நிக்கல" என்றாள்.

பக்கத்தில்தான் இருந்தேன். நானும் ஆமாம் என்றேன்.