பத்து நிமிஷ இருட்டு

போன வாரம் இதே பக்கத்தில் ஒரு ஜம்பம் அடித்தேன், நினைவிருக்கிறதா? வால் நட்சத்திரத்தை நானே படம் பிடித்துத் தருகிறேன் என்று. ஆசிரியர் அதை நம்பி நாலு அங்குலம் இடம் ஒதுக்கிவிட்டார். அப்புறம்தான் அதை எப்படி எடுப்பது என்று விசாரித்தேன்.

டெலஸ்கோப்பின் முதுகில் காமிராவைக் கட்டி, பத்து நிமிஷம் திறந்து வைக்க வேண்டும். வானம் நகர நகர, டெலஸ்கோப்பும் கூடவே நகரும்படி அதன் திருகு ஒன்றைச் சீராகச் சுற்ற வேண்டும். துளி வெளிச்சம் கூடாது.

பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலை நாலரைக்கு இருட்டா? எதிர் வீட்டுக் கன்னியம்மா, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், குடும்பத்தோடு தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குப் பாவாக விரித்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறினால் பட்டு இழை அறும். அவருக்கும் அவசரம்தான்.

"ஒரு பத்து நிமிஷம் விளக்கை..." என்று இழுத்தேன்.

"இன்னா சார், இருட்டுல இழையத் தடவிக்கினு நிக்கச் சொல்றீங்களா?"

சொன்னாரே தவிர, விளக்கை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். ஆறு பேர் பாவைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள் — எனக்காக!

காமிராவைத் திறந்தேன். திருகைச் சுற்றினேன். கிழக்கே வால் ஜம்மென்று நின்றது. மணி என்ன ஆயிற்று? பார்க்க வேண்டாமா?

தீக்குச்சியைக் கிழித்தேன். காமிராவுக்கு ஒரு சாண் தள்ளி.

தெருவே சிரித்தது. எல்லாரையும் ஒழுங்காக இருக்கச் சொல்கிறவன் பையில்தான் தீப்பெட்டி இருக்கும் போலிருக்கிறது.

இன்னொரு தடவை முயல்வதற்குள் வானம் வெளுத்துவிட்டது. அவர்கள் பாவு முடிப்பதற்குள் வெயிலும் வந்துவிட்டது. அறுந்த இழைகளை முடிந்துகொண்டே கன்னியம்மா கேட்டார்:

"நாளைக்கும் வருமா சார் அது?"

"வரும். நாளையோடு சரி. அப்புறம் மங்கிவிடும்."

"அப்ப நாளைக்கும் விளக்க உள்ள வெச்சிடறோம். தீப்பெட்டிய மட்டும் இப்பவே இப்படிக் குடுங்க."

கொடுத்தேன்.

மறுநாள் திருகும் என் கையை விட்டுக் கன்னியம்மா கைக்குப் போயிற்று. "உங்களுக்கு சீரா சுத்த வரல சார், தள்ளுங்க!" முப்பது வருஷம் தறியில் பழகிய கை. ஒரு மயிரிழை பிசகவில்லை. நேரத்தை அவர் மகள் வாய்க்குள் எண்ணினாள். நான்? மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவும் சுலபமில்லை, ஐயா!

இந்தப் பக்கத்தில் இருப்பது அந்தப் படம்தான். கீழே என் பெயர் வேண்டாம், கன்னியம்மா பெயரைப் போடுங்கள் என்று ஆசிரியருக்குக் கண்டிப்பாக எழுதிவிட்டேன்.

மறந்துபோய் என் பெயரையே போட்டிருந்தால்... நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்?