ஜெயவேல் குழல் கேட்ட விதம்

காசிமேட்டில் கரையேற்றும் இரும்புப் படகுகளில் துரு தட்டுவது ஜெயவேலின் வேலை. இருபத்தாறு வருடமாகத் தட்டுகிறான். அவன் தட்டி முடித்த இடத்தில் பெயின்ட் அடிக்கிறவன் நான். ஓர் இடம் சுத்தமாகிவிட்டால் சாக்பீஸால் அங்கே ஒரு வட்டம் போடுவான். வட்டம் இல்லாத இடத்தில் நான் பிரஷை வைக்கமாட்டேன். ஒரு தடவை மேஸ்திரி, நாளைக்குப் படகு இறங்கியாக வேண்டும், வட்டத்தைப் போட்டுத் தொலை என்று நின்றார். ஜெயவேல் சாக்பீஸை அவர் கையில் கொடுத்தான்.

"நீயே போட்டுக்க. நடுக்கடல்ல தண்ணி பூந்தா நீயே போயி எறைச்சிக்க."

மேஸ்திரி போடவில்லை. படகு ஒரு நாள் கழித்துத்தான் இறங்கியது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. அவன் மகளுக்கு வந்த தொல்லை இந்தக் குணத்தால் வந்தது.

மகள் ஜோதிகா கல்மண்டபம் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் நாலாம் வகுப்பு. அந்தப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு பேண்டு செட் இருக்கிறது. நாலு டிரம், ஒரு பெரிய டிரம், ஒரு ஜோடி தாளத் தட்டு, எட்டுக் குழல். குழல் என்றால் நேராகப் பிடித்து ஊதுகிற பிளாஸ்டிக் குழல். முன்பக்கம் ஏழு ஓட்டை, பின்பக்கம் கட்டை விரலுக்கு ஒன்று. பேண்டைப் பார்த்துக்கொள்வது ஷெர்லின் டீச்சர். சொந்த ஊர் நாசரேத் பக்கம். அப்பா மளிகைக் கடை வைக்க ராயபுரம் வந்த குடும்பம். பேச்சு மெதுவாக இருக்கும், பிடி விடாது.

டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். குழலை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். கூடவே ஓர் அட்டை. தினமும் பத்து நிமிடம் பிள்ளை வாசிப்பதை வீட்டில் ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்டவர் "கேட்டேன்" என்று அச்சடித்த இடத்துக்கு நேரே கையெழுத்துப் போட்டு, எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். எட்டுப் பேரில் ஆறு பேர்தான் ஆண்டு விழா அன்று பேண்டில் நிற்க முடியும். அந்த ஆறு பேரை எடுக்க அட்டையையும் பார்ப்பேன் என்று சொல்லியிருந்தார்.

மற்ற வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாளுக்கும் சேர்த்து "நன்று, நன்று" என்று எழுதிவிட்டார்கள். ஜெயவேல் அப்படியா செய்வான். சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து, கை கால் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு, பாயைப் போட்டு எதிரே உட்காருவான். மனைவி நர்மதா அந்த நேரத்தில் மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருப்பாள். வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்.

பேண்டுக்கு டீச்சர் கொடுத்த மெட்டு நாலு வரி. முதல் இரண்டு வரி கீழேயே நடக்கும். மூன்றாவது வரி ஏணி மாதிரி மேலே ஏறி, உச்சியில் கொஞ்ச நேரம் நின்று, நாலாவதில் இறங்கி வரும். ஜோதிகா ஊதுவாள். மூன்றாவது வரி வந்ததும் ஜெயவேல் விரலைத் தூக்குவான்.

"நின்னுடிச்சி."

"இல்ல நைனா, வாசிச்சேன்."

"பொய் சொல்லாத. மறுபடி ஊது."

மறுபடி ஊதுவாள். மறுபடி விரல் தூக்குவான். அஞ்சாம் வகுப்போடு நின்ற கையால் அட்டையில் எழுதுவான்: நடுவில் நின்றது. மறுநாளும் அதே. இரண்டு வாரம் ஒரே வரி. மகள் என்பதற்காகக் கூட்டி எழுத அவனுக்குத் தெரியாது.

வகுப்பில் டீச்சருக்குக் குழப்பம். இங்கே நன்றாக ஊதுகிற பிள்ளை வீட்டில் மட்டும் ஏன் நிறுத்துகிறது? ஜோதிகாவைக் கூப்பிட்டுக் கேட்டார். "நான் நிறுத்தல டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். அதைவிட மோசம், தினமும் "நின்னுடிச்சி" கேட்டுக் கேட்டு, அந்த வரி வந்தாலே விரலை அமுக்கிப் பிடித்து வகுப்பிலும் தடுமாற ஆரம்பித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை தானாகவே போய், "டீச்சர், நான் தாளத் தட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஆள் எடுக்கப்போகிறேன், அதுவரைக்கும் பொறு என்று டீச்சர் அனுப்பியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். நர்மதா நண்டு வைத்திருந்தாள். அடுப்பில் பருப்புக் குக்கர். ஜெயவேல் பாயைப் போட்டான். ஜோதிகா உர்ரென்று குழலை எடுத்து வந்தாள்.

"சைமன், நீயும் கேளு. தாளத் தட்டு அடிக்கப் போறாளாம். எந்த எடத்துல நிக்கிதுன்னு நீயே சொல்லு."

ஊதினாள். மூன்றாவது வரியில் கொஞ்சம் தடுமாறினாலும் ஏறினாள். உச்சியில் சத்தம் கீச்சென்று மெலிசாக இருந்தது. ஆனால் இருந்தது. ஜெயவேல் விரலைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தான்.

"பாத்தியா?"

"இன்னாத்த பாக்குறது? அதான் வாசிச்சிகினு கீதே கொயந்த."

"இப்பவா?"

"இப்பதாண்டா."

நர்மதா கரண்டியோடு வந்து நின்றாள். "இன்னாய்யா பேசிகினு கீற? அடுப்பாண்ட எனக்கே நல்லா கேக்குது."

ஜெயவேல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நாங்கள் சேர்ந்துகொண்டு கலாய்க்கிறோம் என்று நினைத்திருப்பான். நர்மதா மகளை அவன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, உச்சி சுரத்தை மட்டும் ஊதச் சொன்னாள். ஜோதிகா மூன்று தடவை ஊதினாள்.

"ஊது மே, எவ்ளோ நேரம்" என்றான் ஜெயவேல்.

அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. நர்மதா அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அவன் அசையவில்லை.

"அடப்பாவி மனுசா. குக்கர பாத்துக்கன்னு சொல்லிட்டுப் போனா, ஒரு விசிலும் வரலன்னு தெனைக்கும் பருப்ப தீச்சி வெப்பியே. சோம்பேறின்னு திட்டிகினு இருந்தேனே உன்ன."

துரு தட்டுகிற இடத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். அங்கே காது போனால் யாருக்கும் தெரியாது, போனவனுக்கும் தெரியாது. இரும்புச் சத்தம் இருபத்தாறு வருடமாக கீச்சென்ற மேல் சத்தங்களை மட்டும் ஒவ்வொன்றாக அரித்துக்கொண்டு போயிருக்கிறது. கீழ்ச் சத்தம், ஆண் குரல், டிரம் எல்லாம் அவனுக்குக் கேட்கும். குழலின் கீழ் வரிகளும் கேட்கும். உச்சி கேட்காது. பெரிய ஆஸ்பத்திரியில் பிறகு காட்டியபோது டாக்டரும் இதைத்தான் சொன்னார். இனி இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்று காதடைப்பான் போட்டுக்கொள்ளச் சொன்னார். இப்போது போடுகிறான்.

அன்றைக்கு அவன் நண்டைத் தொடவில்லை. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான்.

"நீ சொன்னது நெசம். நைனா காதுதான் கெட்டுப்போச்சு."

ஜோதிகா யோசித்தாள். "அப்ப நான் பொய் சொல்லல."

"இல்ல."

"பதினாலு வாட்டி எய்திட்ட."

"ஆமா."

"போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் எழுந்து போகவில்லை.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டான். பள்ளி வராந்தாவில் நடந்ததை டீச்சரே பின்னால் என்னிடம் சொன்னார். ஜெயவேல் அட்டையை நீட்டி, "இதுல எய்தினது அத்தினியும் தப்பு டீச்சர். கோளாறு என் காதுல. கொயந்தைய மாத்திடாதீங்க" என்றிருக்கிறான்.

டீச்சர் அட்டையை வாங்கிக்கொண்டார். "பரவாயில்லைங்க, ஜோதிகா அப்பா. இனிமே அவங்க அம்மாவக் கேக்கச் சொல்லுங்க. அவங்க கையெழுத்துப் போடட்டும்."

"அவ மார்க்கெட்டுக்குப் போயிடுவா. நானு தான் கீறேன். என்னிய இந்த வேலையிலர்ந்து எடுத்துடாதீங்க."

"கேக்காம எப்படிங்க...?"

"எது சரி, எது தப்புன்னு கண்ணால பாக்குற மாதிரி ஏதாச்சும் கீதா?"

டீச்சர் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் வட்டங்கள் போட்டுக் கொடுத்தார். மூடிய ஓட்டைக்குக் கறுப்பு வட்டம், திறந்த ஓட்டைக்கு வெறும் வட்டம். உச்சி சுரங்களில் பின்பக்கக் கட்டை விரலுக்கு மட்டும் பாதி கறுப்பு. அந்தக் கட்டை விரல் லேசாக விலகி நகக்கண் அளவு வழிவிட்டால்தான் சத்தம் மேலே ஏறுமாம். முழுதாக மூடினாலும் வராது, முழுதாகத் திறந்தாலும் வராது.

மறுநாள் யார்டில் நான் பெயின்ட் அடிக்கப் போனால், படகின் பக்கவாட்டில் வரிசை வரிசையாக வட்டம். சில வட்டத்தில் சாக்பீஸ் நிரப்பியிருந்தது, சிலது வெறுமனே. எது சுத்தமான இடம், எது பாட்டு என்று தெரியவில்லை.

"இன்னா மாமு, படகுக்குப் பொட்டு வெக்கிறியா?" என்றான் வெல்டிங் ரகுபதி.

"சீமந்தம்டா அதுக்கு. வளையல் நீ வாங்கியா" என்றான் ஜெயவேல், தட்டுவதை நிறுத்தாமல்.

சாப்பாட்டு நேரத்தில் சுத்தியல் பிடியைக் குழலாகப் பிடித்து விரலை வைத்து வைத்து எடுத்தான். அந்தத் தடித்த விரல்கள் ஒன்றையொன்று மோதிக்கொண்டன. மூன்று நாளில் மெட்டு முழுவதும் விரலில் வந்துவிட்டது. சத்தம் மட்டும் இல்லை.

வீட்டில் உட்காருகிற இடத்தை மாற்றினான். எதிரே உட்கார்ந்தால் கட்டை விரல் தெரியாது. ஜோதிகாவுக்குப் பின்னால், இடது பக்கம் கொஞ்சம் தள்ளிப் பாயைப் போட்டான். முதல் நாள் அவள் ஊதி முடித்ததும் சொன்னான்:

"மூணாவது வரில கட்ட வெரல பயந்துகினு அமுக்கிப் புடிக்கிற. லேசா உடு."

ஜோதிகா சடாரென்று திரும்பினாள். "கேட்டுச்சா நைனா?"

"கேக்கல. வெரலு சொல்லுது."

இரண்டு வாரமாக அவன் ஏற்றிவைத்த பயம் அந்தக் கட்டை விரலில்தான் உட்கார்ந்திருந்தது. அதை இறக்க அவனுக்கு நாலு சாயங்காலம் பிடித்தது. திட்டவில்லை. அவள் அமுக்கினால் தன் கட்டை விரலை அவள் முழங்கையில் மெதுவாக வைப்பான். அவள் விட்டுவிடுவாள். அட்டையில் "கேட்டேன்" என்று அச்சடித்ததை அடித்துவிட்டு, "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். கேட்காததைக் கேட்டதாக எழுத மனசு வராது அவனுக்கு.

வெள்ளிக்கிழமை ஆள் எடுத்தார்கள். ஆறு பேரில் ஜோதிகா ஐந்தாவது. மிஞ்சிய இரண்டு பேரில் நிதிஷ் என்கிற பையன் தாளத் தட்டுக்குப் போனான். அவனுக்கு அதில்தான் ஆசையாம், கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

பிப்ரவரியில் ஆண்டு விழா. மைதானத்தில் பெற்றவர்கள் எல்லோரும் முன்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நர்மதா நல்ல சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் இருந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நான் தேடிப் பார்த்தேன். ஜெயவேல் பேண்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றுகொண்டிருந்தான். வாட்ச்மேன் வந்து, "யோவ், முன்னாடி போயி உக்காரு, இங்க முதுகுதான தெரியும்" என்றார்.

"முதுகாண்டதான் வெரல் கீது. நீ போ" என்றான்.

டிரம் விழுந்தது. வெள்ளைச் சட்டை, சிவப்புப் பட்டை கட்டிய ஆறு பிள்ளைகள் குழலைத் தூக்கினார்கள். முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவது ஏறும்போது நான் குழலைக் கேட்காமல் ஜெயவேலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கை இடுப்போரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கட்டை விரல் மட்டும் லேசாக விலகியது, உச்சி முடியும்வரை அப்படியே இருந்தது, பிறகு மூடிக்கொண்டது.

முடிந்ததும் ஜோதிகா அம்மாவிடம் போகவில்லை. நேராகத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினாள்.

"எப்டி நைனா?"

"வெரலு எல்லாம் கரீட்டு. பக்கத்துல நிக்குதே ரெட்ட ஜடை, அதுதான் கடேசி வரில ஒண்ணு உட்டுச்சி."

"அது எங்க யாருக்குமே தெரியல."

"எனக்குத் தெரிஞ்சிது" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து அட்டையையும் பேனாவையும் எடுத்தான். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. அவளைக் குனியச் சொல்லி, முதுகின்மேல் அட்டையை வைத்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டான்.