ஏழு கிலோ பையில் நான் வைக்காதது

மூன்று வருடங்களுக்கு முன், வைகாசிப் பௌர்ணமி அன்று சாயங்காலம். திருவண்ணாமலையில் பௌர்ணமி என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜனமெல்லாம் மலையைச் சுற்றக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், நானும் என் மனைவியும் வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று ஒரு பையை எடை போட்டுக்கொண்டிருந்தோம். மளிகைக் கடையில் இரவல் வாங்கிய கொக்கித் தராசு. பையை மாட்டித் தூக்கினால் முள் ஒன்பது கிலோவைத் தாண்டி நின்றது. விமானத்தில் கையோடு கொண்டுபோகிற பை ஏழு கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாதாம்.

மறுநாள் விடியற்காலை சென்னையிலிருந்து லண்டன். அங்கே விமானம் மாறி டொரண்டோ. எங்கள் ஒரே மகன் அங்கே புதிதாக வீடு வாங்கியிருந்தான். அதுவரை நான் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அறுபது வயதில் அதற்குள் ஏறி உட்காரப் போகிறோம் என்ற குதூகலத்தில் ஒரு வாரமாகவே எனக்குத் தூக்கம் இல்லை. இஸ்திரிக்காரர், பால்காரர், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவர் என்று யாரையும் விடாமல் சொல்லியாகிவிட்டது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பத்திரண்டு வருடம் அரசு அலுவலகம் ஒன்றில் குப்பை கொட்டியவன் நான். ஜெராக்ஸ் இல்லை என்றால் அண்ணாமலையாரே வந்து நின்றாலும் திருப்பி அனுப்புகிற ரகம். அப்படிப்பட்டவன் வெளிநாடு போகும்போது சும்மா போவானா? பாஸ்போர்ட், விசா, டிக்கெட் தவிர, திருமணப் பதிவு, மகனின் பிறப்புச் சான்று, வீட்டுப் பத்திரம், நிலத்துப் பட்டா, ஓய்வூதிய உத்தரவு, ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, மின்சார ரசீது என்று எல்லாவற்றிலும் மும்மூன்று நகல் எடுத்து, சான்றொப்பம் வாங்கி, நாடா போட்டுக் கட்டி வைத்திருந்தேன். அந்தக் கட்டு மட்டும் இரண்டரை கிலோ. கனடாக்காரன் வீட்டு வரி ரசீது கேட்டால் என்ன செய்வது என்பது என் கவலை.

என் மனைவி அந்தப் பையில் வைத்தது ஒரே ஒரு எவர்சில்வர் சம்படம். அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் கிராமத்தில் இன்னும் கொஞ்சம் நிலம் இருக்கிறது. எங்களில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாது என்பது வழக்கம். வெங்காயம், பூண்டு, கிழங்கு வகையும் கிடையாது. நான் ஆபீஸ் கேண்டீன் போண்டாவில் எப்போதோ கெட்டுப்போனவன். அவள் அப்படி இல்லை. பத்து வருடமாகச் சர்க்கரை வியாதியோடு போராடுகிறாள். அப்போதும் ஒரு நாள்கூட விரதம் தவறியதில்லை. பொழுது போய்விட்டால் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படாது. அதனால்தான் வழிக்கென்று அந்தச் சம்படத்தில் பொரிமாவு உருண்டை, அரிசி முறுக்கு, எங்கள் நிலத்து வேர்க்கடலையில் பிடித்த உருண்டை, ஒரு பொட்டலம் கற்கண்டு எல்லாம் அடைத்திருந்தாள். மண்ணுக்குள் விளைந்தாலும் வேர்க்கடலை கிழங்கு ஆகாது என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு.

ஒன்பது கிலோவை ஏழாக்க வேண்டும். ஒன்று கட்டு வெளியே போக வேண்டும், இல்லை சம்படம். நான் யோசிக்கவே இல்லை. சம்படத்தை எடுத்துப் பெரிய பெட்டிக்குள் திணித்தேன்.

“என்னங்க, வழியில பசிச்சா நான் என்னத்த சாப்பிடறது?” என்றாள்.

“பிளேன்ல மூணு வேளையும் சாப்பாடு குடுக்கறாம்மா. வெஜிடேரியன்னு நானே டிக் அடிச்சிருக்கேன். பேப்பர் இல்லன்னாதான் நடுவழியில நிக்கணும்” என்றேன்.

அவள் சம்படம் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தார். பௌர்ணமிக் கூட்டத்தில் ரோடெல்லாம் திருப்பிவிட்டிருக்கிறார்கள், இப்போது கிளம்பாவிட்டால் போய்ச் சேர முடியாது என்றார். அவள் அவசர அவசரமாக, பொழுது சாய்வதற்குள் நாலு வாய் தயிர் சாதம் சாப்பிட்டு முடித்தாள். கிளம்பிவிட்டோம்.

விமானம் மேலே எழும்பிய நிமிடம் இருக்கிறதே, அதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது. நான் அவள் கையைப் பிடித்தேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேகத்துக்கு மேலே சூரியன் வந்ததும் அவள் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக்குக் காத்திருந்தாள். வந்தது உருளைக்கிழங்கும் வெங்காயமும். வெஜிடேரியன் என்றால் அதுவும் வெஜிடேரியன்தானே! எங்களைப் போன்றவர்களுக்குத் தனிச் சாப்பாடு உண்டு, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு பன்னும் இரண்டு துண்டு பழமும் சாப்பிட்டாள். மத்தியானம் வந்த புலாவிலும் வெங்காயம். ஒரு கிண்ணம் தயிர், ஒரு ஆப்பிள். அவ்வளவுதான். நான் மட்டும் இரண்டு வேளையும் ஒரு பிடி பிடித்தேன்.

“லண்டன்ல இறங்கினதும் நல்லதா வாங்கித் தரேன்” என்று வாக்குக் கொடுத்தேன். அதை நம்பி, இறங்குவதற்குச் சற்று முன்னால் சாயங்கால மாத்திரையையும் போட்டுக்கொண்டாள்.

விமானம் ஒரு மணி நேரம் தாமதம். அடுத்ததைப் பிடிக்க ஓட வேண்டும். நடுவில் மறுபடி ஒரு சோதனை. எல்லாருடைய பையும் போய்விட்டது, என் பை மட்டும் நின்றுவிட்டது. கருவிக்குள் அந்தக் காகிதக் கட்டு செங்கல் மாதிரி தெரிந்திருக்க வேண்டும். ஓர் அதிகாரி நாடாவை அவிழ்த்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கீழ்பென்னாத்தூர்ப் பட்டாவை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது நகலும் அதேதான் என்று நான் விளக்கியது அவர் சந்தேகத்தை ஜாஸ்தியாக்கியதே தவிர கம்மியாக்கவில்லை. என் ஆபீஸ் மேஜைக்கு எதிரே எத்தனையோ பேர் நின்ற நிலையில் அன்று நான் நின்றேன். இருபத்தைந்து நிமிடம் அங்கேயே போயிற்று. பிறகு எங்கே கடை, எங்கே பழம்? கதவு மூடுவதற்குள் விழுந்தடித்துக்கொண்டு ஏறினோம்.

மூன்று சீட் வரிசை. ஜன்னலோரம் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு வயதான அம்மாள் சால்வையைத் தலைவரை போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தார். நடுவில் என் மனைவி, ஓரத்தில் நான். உட்கார்ந்ததும் அவள் வாட்ச்சைப் பார்த்தாள். நம் ஊர் நேரத்தையே மாற்றாமல் வைத்திருந்தாள். மணி ஏழு.

“பொழுது போயிடுச்சுங்க. இனிமே ஒண்ணும் வேணாம்” என்றாள்.

“ஏம்மா, வெளியில பளீர்னு வெயில் அடிக்குது. இந்த ஊர்ல இப்ப மத்தியானம்” என்றேன்.

“நம்ம ஊர்ல இருட்டிடுச்சு இல்ல? நான் நம்ம ஊர்ப் பொழுதுக்குத்தான விரதம் எடுத்தேன்.”

எனக்குக் கோபம் வந்தது. பிடிவாதம், மூடத்தனம் என்று ஏதேதோ சொன்னேன். என் தப்பை மறைக்கத்தான் அந்தச் சத்தம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். சாப்பாட்டு வண்டி வந்தது. வேண்டாம் என்று தலையாட்டினாள். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் ஜன்னல் மறைப்பை இறக்கிவிட்டுத் தூங்க ஆரம்பித்தார்கள். விளக்கையும் அணைத்துவிட்டார்கள். உள்ளே நிஜமாகவே இருட்டிவிட்டது. நான் படம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதேச்சையாக அவள் கை என் மேல் பட்டது. சில்லென்று இருந்தது. திரும்பிப் பார்த்தால் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை. விரல்கள் நடுங்கின. “என்னமோ பண்ணுதுங்க” என்றாள். நாக்கு குழறியது. சர்க்கரை இறங்கிவிட்டது. இரண்டு வேளை மாத்திரை உள்ளே போயிருக்கிறது, சாப்பாடு போகவில்லை. இப்படி ஆகும்போது கொடுக்கத்தான் அவள் கற்கண்டு வைத்திருந்தாள். அது எங்கள் காலுக்குக் கீழே, சரக்கு அறையில், பெரிய பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. என் தலைக்கு மேலே வீட்டு வரி ரசீது, மூன்று நகல்.

பொத்தானை அழுத்தினேன். பணிப்பெண் ஓடிவந்து பார்த்துவிட்டு ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவந்தாள். வாயருகே கொண்டுபோனால் என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். “பொழுது போயிடுச்சு... பொழுது போயிடுச்சு...” அது ஒன்றுதான் வாயில் வந்தது. கெஞ்சினேன், அதட்டினேன். அவளுக்கு நான் யார் என்பதே சரியாகத் தெரியவில்லை போலிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, உதடு நடுங்க, எங்கள் நமஸ்கார மந்திரத்தை முணுமுணுக்கத் தொடங்கினாள்.

இரண்டாவது வரியில் அவள் தடுமாறி நின்றாள். மூன்றாவது வரி ஜன்னல் பக்கத்திலிருந்து வந்தது.

சால்வைக்குள்ளிருந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தார். மீதி மந்திரத்தை அவர் சொல்ல, என் மனைவி கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள். அவர் அகமதாபாத்துக்காரர் என்பதும் அவரும் சமணர் என்பதும் பிறகு தெரிந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குக் குஜராத்தி தெரியாது. ஆனால் அவள் கையில் இருந்த வாட்ச்சையும், தள்ளிவிட்ட ஜூஸையும், இருட்டையும் ஒரு முறை பார்த்தார். முழுக்கதையும் அவருக்குப் புரிந்துவிட்டது. எட்டி, ஜன்னல் மறைப்பைச் சரேலென்று மேலே தூக்கினார்.

அப்பா! எவ்வளவு வெளிச்சம்! வெள்ளை மேகக் காட்டின் மேல் சூரியன் தகதகவென்று நின்றுகொண்டிருந்தது. பின் சீட்டுக்காரர் முனகினார், யார் கேட்டது? அந்த அம்மாள் என் மனைவியின் மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, “சூரஜ்! சூரஜ்!” என்றார். அவள் அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். வாட்ச்சில் மணி ஒன்பதரை. மறுபடி வெளியே பார்த்தாள். பிறகு குழந்தை மாதிரி வாயைத் திறந்தாள்.

ஜூஸ் முழுவதும் இறங்கியது. அம்மாள் காலடியிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்தார். அதற்குள் ஒரு டப்பா நிறைய அப்பளம் மாதிரி மெல்லிய ரொட்டிகள், வெல்லக் கட்டி, முந்திரி, மாத்திரைச் சீட்டு, ஒரு ஜெபமாலை, ஒரு மாற்றுச் சேலை. அவ்வளவுதான் அவருடைய கைப்பை. வெல்லத்தை உடைத்து ஊட்டினார். ரொட்டியைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அவள் கை சூடாகிவிட்டது. என்னைப் பார்த்து அவள் தெளிவாகக் கேட்ட முதல் கேள்வி: “நீங்க ஏங்க அழறீங்க?”

அதற்குப் பிறகு அந்த விமானத்தில் எங்கள் வரிசை மட்டும் திருவிழாவாகிவிட்டது. பொழுது இறங்கவே இல்லை. என் மனைவி பத்து மணிக்குச் சாப்பிட்டாள், பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டாள், சாப்பிடும் முன் ஒவ்வொரு தடவையும் ஜன்னலைப் பார்த்து, “இன்னும் இருக்குதுங்க!” என்று என் தொடையில் தட்டினாள். அந்த அம்மாள் கைகொட்டிச் சிரித்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பாஷையில் நாலு மணி நேரம் விடாமல் பேசிக்கொண்டே வந்தார்கள். என்ன புரிந்தது என்று கேட்டால், “எல்லாம் புரிஞ்சுது” என்கிறாள்.

டொரண்டோவில் இறங்கியதும் யாரோ அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்து, முத்திரை குத்தி, அனுப்பிவிட்டார். நாடாக் கட்டை ஒருவரும் கேட்கவில்லை.

மகன் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து பெரிய பெட்டியிலிருந்து அந்தச் சம்படத்தை எடுத்துத் திறந்தோம். உருண்டை ஒன்றுகூட உடையவில்லை. சூரியன் அப்போதுதான் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கடைசி வாயைச் சாப்பிட்டுவிட்டுக் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டாள் என் மனைவி. “இங்க விடிஞ்சு அரை மணி ஆச்சுக்கா, மாடு கறந்துட்டேன்” என்றான் அவன். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நேற்றுக் காலை உதித்த சூரியன் எங்களுக்கு இன்னும் மறையவில்லை, அவனுக்கு அடுத்த நாள் சூரியனே வந்துவிட்டது! ஒரு நாளில் இருபத்துநாலு மணி நேரத்துக்கும் மேலே வெயில் பார்த்தவள் நம்ம ஊரில் நான் ஒருத்திதான் என்று இன்றைக்கும் பெருமை அடித்துக்கொள்கிறாள்.

போன வருடம் மறுபடி போனோம். இந்த முறை தனிச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிட்டேன். ஆனாலும் அதே கொக்கித் தராசு வந்தது. பைக்குள் முதலில் போனது சம்படம், அடுத்து மாத்திரை. அதன் மேல் இன்னொரு டப்பாவை வைத்தாள். இது யாருக்கு என்று கேட்டேன். “பக்கத்து சீட்டுக்கு” என்றாள். முள் ஏழைத் தாண்டியது. நான் என் காகிதக் கட்டை வெளியே எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். பெயர் தெரியாத அந்த அம்மாளுக்கு இந்த ஜென்மத்தில் என்னால் நன்றி சொல்ல முடிகிற வழி, எப்போது எங்கே கிளம்பினாலும் அந்த இரண்டாவது டப்பாவுக்குப் பையில் இடம் விடுவது ஒன்றுதான்.