ஸ்வர்ணாவின் டிராம்போனும் பத்மநாபனின் வாயும்

அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டர் கோயில் வட்டாரத்தில் வயலினோ பியானோவோ படிக்காத பெண் பிள்ளை கிடையாது. பத்மநாபன் வீட்டில் மட்டும் டிராம்போன். நீளக் குழலை முன்னும் பின்னும் இழுத்து ஊதுகிற அந்தப் பித்தளை வாத்தியத்தைப் பள்ளியில் யாரும் சீண்டவில்லை. கை நீளமாக இருக்கிறதே என்று அவர் மகள் ஸ்வர்ணாவிடம் கொடுத்துவிட்டார்கள். அவள் ஊதிய முதல் நாள் பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது. பத்மநாபனுக்கோ பெருமை தாங்கவில்லை.

கல்லூரியிலும் அதையே படித்தாள். ஆனால் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் டிராம்போன்காரர்கள் மூன்றே பேர். ஒருவர் ஓய்வு பெற்றால்தான் இன்னொருவருக்கு நாற்காலி. அதனால் 1991-லிருந்து ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டே ஊர் ஊராக ஆர்க்கெஸ்ட்ராத் தேர்வுக்குப் போனாள். யார் ஊதுவது என்று நடுவர்களுக்குத் தெரியாதபடி திரைக்குப் பின்னால் நின்று ஊத வேண்டும். வாயைத் திறந்து பேசக் கூடாது. பத்மநாபன் கார் ஓட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு டப்பா தயிர்சாதம் கொடுத்துத் தேற்றுவார். 98-ல் ஒருவழியாக இடம் கிடைத்தது. அதுவும் ஒரு வருஷம் பார்த்த பிறகுதான் நிரந்தரம்.

அந்த வருஷத்தின் கடைசிக் கச்சேரிக்கு மறுநாள் முடிவு. பதற்றத்தில் அப்பாவை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தாள் ஸ்வர்ணா. கேட்கிற ஆளா அவர்? கோயில் நண்பர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைய சிம்பனியில் நான்கு பகுதிகள். முதல் மூன்றில் டிராம்போனுக்கு வேலையே இல்லை. மடியில் வாத்தியத்தோடு ஸ்வர்ணா பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அண்ணா, பொண்ணு சும்மாவே உக்காந்திருக்கா? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று வேனில் வந்த கலாவதி ஆன்ட்டி கேட்டது மேடை வரை வந்தது. பத்மநாபன் நெளிந்தார்.

நான்காவது பகுதியில் எல்லா வாத்தியங்களும் அடங்கின. ஸ்வர்ணா மட்டும் தனியாக, மெதுவாக, இரண்டு வரி ஊத வேண்டும். அவ்வளவு நேரம் ஆறிக் கிடந்த குழலில் உச்ச சுரத்தை நடுங்காமல் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. எடுத்தாள். முதல் வரி முடிந்து அவள் மூச்சு வாங்கிய நொடியில், சென்னை சபாக்களில் ஊறிய பத்மநாபன் தொடையைத் தட்டி உரக்கச் சொன்னார்: "பலே!"

நம் கச்சேரியில் அது மரியாதை. மேற்கத்தியக் கச்சேரியிலோ தும்மினாலே முறைப்பார்கள். அரங்கமே திரும்பியது. ஆனாலும் ஸ்வர்ணா வாங்கிய மூச்சை வீணாக்காமல் இரண்டாவது வரியையும் ஊதி முடித்தாள். கச்சேரி முடிந்து தேடினால் அப்பாவைக் காணோம்.

மறுநாள் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் அவளைக் கூப்பிட்டார். அந்தச் சத்தத்துக்குப் பிறகும் இரண்டாவது வரி இம்மியும் அசையவில்லை, தேர்வுக் குழுவில் ஒருவர்கூட மறுக்கவில்லை என்றார். அவர்களுக்கு முன்பே முன்வரிசையில் ஒருவர் ஓட்டுப் போட்டுவிட்டாராமே என்று சிரிக்கவும் செய்தார்.

ஸ்வர்ணா நேரே பிரிட்ஜ்வாட்டருக்கு ஓட்டினாள். பத்மநாபன் ஷேவ்கூடச் செய்யாமல் சோபாவில் சுருண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னாலதானேம்மா வேலை போச்சு?"

"போகலப்பா. பர்மனன்ட் பண்ணிட்டாங்க. நெக்ஸ்ட் சீசன் பூரா நீங்க வரணும்."

பத்மநாபன் எழுந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அப்புறம் போனை எடுத்து, அடுத்த சீசனுக்கு வேனில் யார் யார் வருகிறீர்கள் என்று கோயில் நண்பர்களைக் கேட்க ஆரம்பித்தார்.