ஓரத்துக்கு ஒரு விளக்கு

என் மேசை இழுப்பறையில் ஓர் அட்டை கிடக்கிறது. உள்ளங்கை அகலம்தான். பிளாஸ்டிக் உறை ஒட்டி, மேல் மூலையில் ஓட்டை போட்டு, ஒரு துண்டு சிவப்பு வயர் கோத்தது. சிங்கப்பூரின் கிராஞ்சியில் நான் வேலை பார்த்த நாற்றுப்பண்ணையில், புல் வெட்டும் சின்ன டிராக்டரின் ஸ்டியரிங் பக்கத்தில் அது இரண்டு வருடம் தொங்கியது. கறுப்பு மார்க்கரில் இருப்பது என் கையெழுத்து. எதை எப்போதும் போடலாம், எதை வேண்டும்போது மட்டும் போடலாம், எதையெல்லாம் சேர்த்துப் போடக்கூடாது என்று மூன்று வரிசை. மூன்றாவது வரிசையில் நான் எழுதிய 'ஓர லைட்டு' என்பதை ஒருவர் நீலப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் கோணல் எழுத்தில் 'இது எப்பவும்' என்று எழுதியிருக்கிறார். அவரை நாங்கள் டிராக்டர் அண்ணன் என்று கூப்பிடுவோம்.

நான் பாலிடெக்னிக்கில் மின்துறை படித்தவள். பெரிய கம்பெனிகள் எதுவும் என்னைக் கண்டுகொள்ளாததால் பண்ணைக்கு வந்தேன். தகரக் கொட்டகைதான் பட்டறை. பம்பு, புல்வெட்டி, டிராக்டர் எல்லாம் என் பொறுப்பு. புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் வீட்டிலிருந்து புறப்பட்டு, எப்போதாவது வரும் பஸ்ஸைப் பிடித்து, விடிவதற்குள் வந்து சேர்ந்துவிடுவேன். டிராக்டர் அண்ணன் தங்குவிடுதியிலிருந்து மற்றவர்களோடு லாரியில் வருவார். தமிழ்நாட்டுக்காரர், ஐம்பதைத் தொட்டவர், சிங்கப்பூரில் இருபது வருடம் ஓட்டியவர். எனக்கு அவர் வயதில் பாதிதான். ஆனாலும் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "பழக்கமாயிடுச்சு லா மேடம்" என்று சிங்கப்பூர் 'லா'வை ஒட்டிச் சொன்னார்.

அந்த டிராக்டரை அவர் ஒரு வீடு மாதிரி வைத்திருந்தார். தலைக்கு மேலே குடை, முகத்துக்கு நேரே சின்னக் காற்றாடி, காலடியில் ரேடியோ, போன் சார்ஜ் போட ஒரு சாக்கெட். பின்னால் மருந்து தெளிக்கும் தொட்டியும் அதற்கொரு பம்பும். எல்லாம் ஒரே பேட்டரியில் ஓடின. எஞ்சினுக்குள் மின்சாரம் தரும் சுருள் ஒன்று உண்டு. எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால் அது பதினைந்து ஆம்பியர் தரும். மெதுவாக ஓடினால் அதில் பாதி தேறுவதே கஷ்டம். பிளேடைச் சுழற்றும் கிளட்சுக்கு நாலு, முன் விளக்குகளுக்கு நாலு, பம்புக்கு ஏழு. அதோடு பதினைந்தும் தீர்ந்துவிடும். அதற்குமேல் எதைப் போட்டாலும் பேட்டரியின் சேமிப்பைத்தான் தின்னும். இந்தக் கணக்கு எனக்குத் தலைகீழாகத் தெரியும். தெரியும் என்கிற திமிரும் அப்போது நிறையவே இருந்தது.

ஒருநாள் காலையில் அவர் பட்டறை வாசலில் வந்து நின்றார். "மேடம், ரெண்டு பக்கமும் ஓரம் இருட்டா இருக்கு. மட்கார்டுல பக்கத்துக்கொரு லைட்டு போட்டுத் தாங்களேன்."

"முன்னாடி லைட்டு நல்லாத்தானே எரியுது அண்ணே?"

"அது நேரா அடிக்குது. ஓரம் தெரியல."

ஓரம் தெரியவில்லை என்றால் ஓரத்துக்கு ஒரு விளக்கு. அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கொட்டகையில் கிடந்த இரண்டு பழைய ஹாலஜன் விளக்குகளை எடுத்து, இரண்டு பக்க மட்கார்டிலும் பூட்டி, தனி ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தேன். இரண்டும் சேர்ந்து ஒன்பது ஆம்பியர் குடித்தன. மூன்றாவது வாரமே காலையில் டிராக்டர் கிளம்ப மறுத்தது. நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்து என் கொட்டகையில் விட்டார்கள். பெரிய பேட்டரியாக வாங்கிப் போடச் சொன்னார் முதலாளி. சொட்டுகிற குழாய்க்குக் கீழே எவ்வளவு பெரிய வாளியை வைத்தாலும் தண்ணீர் கூடிவிடாது என்று அவருக்கு விளக்கினேன். அன்று மத்தியானம் உட்கார்ந்து எழுதியதுதான் அந்த அட்டை.

அட்டை மாட்டிய மறுவாரம், காலை பதினொரு மணி வெயிலில் வயலுக்குப் போனேன். கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். அதிலும் ஓர விளக்கு இரண்டும் எரிந்துகொண்டிருந்தன.

"வெயில்ல எதுக்குண்ணே லைட்டு? சூரியனுக்கு வழி காட்டுறீங்களா?"

"சேஃப்டி லா மேடம்" என்றார். தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் விளக்கை அணைக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். அட்டையில் என் எழுத்தை அடித்து 'இது எப்பவும்' என்று எழுதியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. படித்து வேலைக்கு வந்தவள் போட்ட கணக்கை ஒருவர் பேனாவால் அடிக்கிறாரே என்கிற அற்பக் கோபம்தான். அவரைப் பட்டறைக்கு வரச்சொல்லி, தாளில் எண்களை எழுதிக் காட்டி, "எல்லாமே வேணும்னா முடியாதுண்ணே. எதை விடுறீங்க, நீங்களே சொல்லுங்க" என்று வாத்தியார் தோரணையில் கேட்டேன். அவர் அந்தத் தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "காத்தாடியை எடுத்துருங்க" என்றார். கிராஞ்சி வெக்கையில் எஞ்சின் சூட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் மனிதர் அப்படிச் சொன்னார். அதை எடுத்தேன். இன்னும் காணாது என்றேன். "ரேடியோவும் வேணாம்." போன் சாக்கெட்டும் போயிற்று. உண்மையில் அவை மூன்றும் சேர்ந்து குடித்தது சொற்பம்; பிடுங்கி எந்தப் பெரிய பயனும் இல்லை. எனக்கும் அது தெரியும். ஆனாலும் அவர் எதையாவது விடட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்கப் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டியவர் அதன்பிறகு சத்தமில்லாமல் ஓட்டினார். பிடிவாதக்காரர் என்று நினைத்தேனே தவிர, இந்த இரண்டு விளக்குக்காக ஒரு மனிதர் ஏன் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறார் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

கடைசியில் அதற்கு வழி கண்டுபிடித்தவளும் நான்தான். ஹாலஜனைக் கழற்றி எறிந்துவிட்டு எல்இடி விளக்கு வாங்கிப் பூட்டினேன். இரண்டும் சேர்ந்து மூன்றே ஆம்பியர். வெளிச்சம் பழையதைவிட இரண்டு மடங்கு. பம்பு ஓடும்போது முன் விளக்கை அணைத்தால் போதும், கணக்கு நேராகிவிடும். மீட்டரைப் பிடித்துப் பார்த்தபோது முள் நின்ற இடம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம்கூட அளந்தேன். "சரி, சாப்பிடு" என்றார் அம்மா. டிராக்டர் அண்ணன் அந்த வெள்ளை வெளிச்சத்தில் வயலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "இப்ப நல்லா தெரியுது மேடம்" என்றார். அந்த வார்த்தையைப் பாராட்டாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் டிராக்டரில் ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவு வேறு இடத்தில் இருந்தது. ஓரமாக வைத்திருந்த காகிதப்பூத் தொட்டிகளை அவர் இரண்டு முறை இடித்துத் தள்ளினார். வெட்டிய புல்லில் வரிசைக்கு நடுவே கோடு கோடாக வெட்டாத புல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் லிட்டில் இந்தியா போகிறவர், போவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "கூட்டம் பிடிக்கல மேடம். எல்லாரும் பக்கத்துல வந்து இடிக்கிறாங்க" என்றார். வயசாகிவிட்டது, சாமியாராகப் போகிறீர்கள் என்று கேலி செய்தேன். இதெல்லாம் என் கண்முன்னே நடந்தது. எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும்.

மழை இருட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் டிராக்டர் இடப்பக்கச் சாக்கடைக்குள் இறங்கிவிட்டது. அவருக்கு அடி இல்லை. சத்தம் கேட்டு மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். விளக்கு மங்கியிருக்கும், பேட்டரி இறங்கியிருக்கும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். மீட்டர் நூல் பிடித்த மாதிரி சரியாகக் காட்டியது. நாலு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. நான் இடப்பக்க மட்கார்டை ஒட்டி, ஓர விளக்கின் முழு வெளிச்சத்தில், அவருக்கு இரண்டு முழம் தள்ளி நின்றேன்.

"எல்லாம் எரியுதுண்ணே. அப்புறம் ஏன் தெரியல?"

அவர் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். தோள் வரைக்கும் திருப்பினார். "மேடம், எங்க நிக்கிறீங்க?" என்றார்.

ஓரம் இருட்டாக இருந்தது வயலில் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் நோய், கிளாக்கோமா என்றார்கள். வலிக்காதாம். பார்வை ஓரத்திலிருந்துதான் போகத் தொடங்குமாம். சோதனைத் தாளைக் காட்டினார் டாக்டர். இரண்டு வட்டங்கள், இரண்டும் கறுப்பு. நடுவில் மட்டும் ஒரு சின்ன வெள்ளை. டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். போனது திரும்ப வராது. சொட்டு மருந்து விட்டால் மிச்சம் கொஞ்ச நாள் தங்கலாம், தங்காமலும் போகலாம். இனி வண்டி எதையும் தொடக்கூடாது. இவ்வளவையும் ஒழுங்காகச் சொன்னேன். கடைசியாக டாக்டர் ஒரு வாக்கியம் சொன்னார். ஒன்றரை வருடம் முன்னால் வந்திருந்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். ஒன்றரை வருடம் முன்னால் நான் எல்இடி விளக்குப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன சொல்றார் மேடம்?"

"சொட்டு மருந்தை நேரத்துக்கு விடணுமாம்" என்றேன்.

பழைய மங்கல் விளக்கே இருந்திருந்தால் அவர் அப்போதே சாக்கடையில் விழுந்திருப்பார். அப்போதே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பார். உள்ளதை நன்றாக வெளிச்சம் போட்டுக் காட்டி, ஒன்றரை வருடம் அதை மூடி வைத்தது நான்தான். தனக்குக் கொஞ்சம் தெரியும் என்று திரும்பி வரும் டாக்சியில் அவர் சொன்னார். சொன்னால் வேலை பர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். கொஞ்சம் வெளிச்சம் கூடினால் சமாளித்துவிடலாம் என்ற நினைப்பு. அவர் சமாளித்தது என் விளக்கை வைத்து.

முதலாளி கெட்டவரில்லை. ஆஸ்பத்திரிச் செலவை அவரே பார்த்தார். ஊருக்குப் போகும்வரை விடுதியில் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் செய்ய எதுவும் இல்லை. புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு சாமான் வாங்க அவரை லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப் போனேன். தேக்கா சந்தைப் பக்கம் எள் விழ இடமில்லை. எதிரே வருபவர்களுக்கு விலகத் தெரியாமல் அவர் இரண்டு பக்கமும் இடிபட்டார். ஒருவர் திட்டிக்கொண்டே போனார். என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். கூச்சப்பட்டு, என் தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து வந்தார். ஒரு சாமான் கடையில் நின்று, "இருக்குறதுலேயே பெரிய டார்ச்சா குடுங்க" என்று கேட்டார். கடைக்காரர் நாலைந்து எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் எரியவைத்து, தன் உள்ளங்கையில் அடித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். வேண்டாம் அண்ணே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது நான் ஜூரோங்கில் வேறு வேலையில் இருக்கிறேன். பண்ணையை விட்டு வரும்போது அந்த வயரை வெட்டி அட்டையை எடுத்து வந்துவிட்டேன். அவருக்குப் பதில் வந்தவர் ஓர விளக்கைத் தொடுவதே இல்லை. அவருக்கு அது வேண்டாம். நான் போட்ட கணக்குப்படி பார்த்தால், அந்த டிராக்டருக்கு இரண்டு விளக்கும் ஆரம்பத்திலிருந்தே வேண்டாம்தான்.

டிராக்டர் அண்ணன் மாதம் ஒருமுறை வீடியோ அழைப்பில் வருவார். மகள் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். மருந்து ஒழுங்காக விடுகிறார். அது எதையும் நிறுத்தவில்லை. போன ஞாயிறும் வந்தார். மத்தியானம், என் ஜன்னல் முழுக்க வெயில். அட்டையை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டுதான் பேசினேன். டாக்டர் சொன்ன அந்த வாக்கியத்தை இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

"நீங்க போட்டுக் குடுத்த லைட்டாலதான் மேடம் கூட ஒன்றரை வருஷம் ஓட்டினேன். இல்லாட்டி அப்பவே அனுப்பியிருப்பாங்க. உங்களை நான் மறக்கவே மாட்டேன்" என்றார்.

அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

"என்ன மேடம், உங்க பக்கம் ஒரே இருட்டா இருக்கு. லைட்டு போட்டுக்கலையா?"

அறையில் வெயில் அப்படியே இருந்தது. எழுந்து போய் மேல் விளக்கைப் போட்டேன். மேசை விளக்கையும் போட்டேன்.

"இப்ப தெரியுதாண்ணே?"

"இப்ப நல்லா தெரியுது மேடம்" என்றார். திரையில் அவர் வீட்டுக் கூரை மட்டும் தெரிந்தது. போனை எந்தப் பக்கம் பிடித்திருக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.