கதவைத் திறக்காதீங்க அக்கா

இதை எழுதாமலே விட்டிருப்பேன். படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனால் இன்று மத்தியானம் ஒரு மெசேஜ் என்னை அக்கா என்று கூப்பிட்டுவிட்டது. மீசை வைத்திருக்கிறவனுக்கு இது கொஞ்சம் உறுத்தத்தானே செய்யும்? அதனால் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறவள். காலையில் அரைத்ததெல்லாம் பாக்கெட் பாக்கெட்டாக உள்ளே இருந்தது. இந்த வெயிலுக்குச் சாயங்காலத்துக்குள் புளித்துப் பொங்கிவிடும். அம்மா நிமிஷத்துக்கொரு தடவை கதவைத் திறந்து தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முன்பு வேலை பார்த்த முதலியார்பேட்டை ஃப்ரிட்ஜ் சர்வீஸ் கடைக்கே மெசேஜ் போட்டேன். விரலை எடுப்பதற்குள் பதில்: "கதவைத் திறக்காதீங்க அக்கா. உள்ளே குளிர் இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும்."

இப்போது அங்கே பதில் சொல்வது மெஷின். ஆனால் அந்த வரி நான் எழுதியது.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் பொறுக்க முடியாமல் பிரிந்தவர்கள். அப்படிப்பட்டவன் கையில்தான் முதலாளி பேனாவைக் கொடுத்தார். ஜனங்கள் கேட்கிற கேள்வியையேதான் கேட்கிறார்கள், பதிலை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் யார் போன் எடுத்தாலும் படித்துவிடலாம் என்பது அவர் யோசனை. மெக்கானிக் ரவி எழுதினால் ரவியாலேயே படிக்க முடியாது. அதனால் நான்.

ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்றால் "பிளக் போட்டிருக்கா பாருங்க" என்று முதலில் எழுதினேன். லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவர், என்னை என்ன முட்டாள் என்று நினைத்தீர்களா என்று முதலாளி மேல் பாய்ந்துவிட்டார். உடனே, "பிளக்கைக் கழற்றி, துடைச்சு, திரும்பப் போடுங்க" என்று மாற்றினேன். அதன் பிறகு ஊரில் பல ஃப்ரிட்ஜ்கள் தாமாகவே பிழைத்துக்கொண்டன. பிளக் கழன்றுதான் கிடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எப்போது வருவீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் முதலாளியே பதில் கொடுத்தார்: "விரைவில் வருவோம்." நேரம் சொன்னால் மாட்டிக்கொள்வோமாம்.

ஒரு நாள் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற மல்லிகா அக்கா போன் செய்தார். மிச்ச வஞ்சிரத்தைப் போட்டுவைத்த ஃப்ரீசர் நின்றுவிட்டது. மணி ஒன்று ஆகப்போகிறது. ஒன்றானால் எங்கள் கடையிலும் ஷட்டரை இறக்கிவிட்டு நாலு மணி வரை தூக்கம், ஊர்க் கடைகள் மாதிரியே. நான் ஒட்டியிருந்ததைப் பார்த்து பவ்யமாகப் படித்தேன்.

"உன் விரைவில் எப்ப வரும்னு மீனுக்குத் தெரியாதுடா தம்பி," என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "வரமாட்டன்னாகூட சொல்லிடு. ஐஸாவது வாங்கிக் கொட்டுவேன். தொறந்து தொறந்து பாத்துக்கினே இருக்கறேன்."

போனைக் கையால் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் டிபன் டப்பாவைப் பிரித்துக்கொண்டிருந்த ரவியைப் பார்த்தேன். தூங்கிக் கனவில் மீன் பிடிக்கப்போகிறாயா, நேரில் போய்க் காப்பாற்றப்போகிறாயா என்று கேட்டேன்.

"ரெண்டு மணின்னு சொல்லித் தொல. துன்னுட்டுப் போறேன்," என்றான்.

அப்படியே சொன்னேன்: "கதவைத் திறக்காதீங்க அக்கா. உள்ளே குளிர் இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும். ரெண்டு மணிக்கு ரவி வருவான்." ரவி போனான். மீன் தப்பியது. மறுநாளே அந்த மூன்று வரியையும் எழுதி, "விரைவில்" மேல் ஒட்டிவிட்டேன். நேரம் மட்டும் அவ்வப்போது மாறும். அக்காவை எடுக்க மறந்துபோய் ஆம்பளைகளுக்கும் அப்படியே படித்தோம். ஒருத்தரும் சண்டைக்கு வரவில்லை. ஆள் எத்தனை மணிக்கு வருவான் என்று தெரிந்துவிட்டால், என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் பரவாயில்லை போலிருக்கிறது.

இன்று மெஷினிடம் எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். விரைவில் வருவோம் என்றது. மறுபடி கேட்டேன். மறுபடி விரைவில். என் முதல் இரண்டு வரியை வைத்துக்கொண்டு மூன்றாவதை வெட்டிவிட்டார்கள். அந்தக் கடையில் இப்போது மத்தியானத் தூக்கம் கிடையாது. எந்நேரமும் பதில் வருகிறது. ஆள்தான் வருவதில்லை. ரவியும் எப்போதோ அங்கிருந்து விலகி, தனியாக ஏசி வேலை பார்க்கிறான்.

அம்மா மறுபடி கதவைத் திறந்தாள். நான் மெஷினின் பதிலை ரவிக்கு அனுப்பி, பார்றா, என்னை அக்காவாக்கிவிட்டார்கள் என்று எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து அவனிடமிருந்து ஒரே வரி வந்தது:

"கதவத் தொறக்காதீங்க அக்கா, மூணு மணிக்கு ரவி வருவான்."