என் பெயரில் எரிந்த விளக்கு

பதினோரு வயதில், சனிக்கிழமை பின்னேரங்களில் மட்டும், எனக்கென்று சொந்தமாக ஒரு மின்விளக்கு இருந்தது. வால்தம்ஸ்டோவில் ஒரு சிறிய யூத ஜெபக்கூடத்தின் பின்னறையில், நீண்ட மேசைக்கு மேலே, பச்சைக் கண்ணாடி மூடியோடு அது தொங்கியது. கட்டடம் என்னுடையதல்ல, மேசை என்னுடையதல்ல, அதைச் சுற்றி அமர்ந்திருந்த கிழவர்கள் எனக்கு உறவுமல்ல. ஆனால் விளக்கு என்னுடையது என்று அவர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த உரிமையை நான் என்ன செய்தேன் என்பதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சட்டம் படித்து, ஆயுள் முழுக்க அடுத்தவர்களைக் குறுக்கு விசாரணை செய்து பிழைத்தவன் நான். என்னை நானே கூண்டில் ஏற்ற இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

அப்போது லண்டனில் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். அப்பாவுக்கு ஒரு கப்பல் கம்பனியில் எழுதுவினைஞர் வேலை. ஒரு யூதரின் வீட்டு மேல்தளத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரரும், அவருடைய விதவை மருமகளும், என்னைவிட ஒரு வயது மூத்த பேரனும் இருந்தார்கள். வீட்டுக்காரர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி விற்றார். எவரோடு பேசினாலும் அவர்களுடைய பார்வையைச் சோதிப்பவர்போல முகத்தை உற்றுப் பார்ப்பார்.

நாங்கள் குடிவந்த முதற் குளிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை அவர் மேலே ஏறி வந்தார். மழையைப் பற்றிப் பேசினார். இந்த ஊரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்றார். ஜெபக்கூடத்தின் பின்னறையில் அவரும் நண்பர்களும் ஓய்வுநாளான சனியன்று கூடி நூல் படிப்பது வழக்கம், ஆனால் அங்கே மின்கம்பி பழையது, ஒருமுறை இரவெல்லாம் எரியவிட்டுப் புகைந்துவிட்டது, ஆகவே வெள்ளியன்றே விளக்கைப் போட்டுவிட்டு வர முடிவதில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்தார். படிப்பில் விருப்பமுள்ள பையன் ஒருவன் தன் புத்தகத்தோடு அங்கே வந்து உட்கார்ந்தால் யாரும் தடுக்கப்போவதில்லை, அவனுக்கு இருட்டாகத் தெரிந்தால் தனக்காக விளக்கைப் போட்டுக்கொள்வதையும் யாரும் தடுக்கப்போவதில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

“இந்த மனுசன் சுத்திச் சுத்தி என்ன கேக்கிறார் எண்டே விளங்கேல்லை,” என்றார் அப்பா.

“பெடியனை லைட் போட வரச்சொல்லுறார்,” என்றாள் அம்மா. “ஓய்வுநாளிலை அவை லைட் போடக் கூடாது. மற்றவையைப் போடச் சொல்லிக் கேக்கவும் கூடாதாக்கும்.”

“கேட்டால் என்ன? நேரை கேக்கிறதுதானே.”

“நீங்கள் மட்டும் நேரையே கேக்கிறியள்? தேத்தண்ணி வேணுமெண்டால் தொண்டை காயுது எண்டுதானே சொல்லுறியள்.”

அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். என் நியமனம் அப்படி உறுதியாயிற்று.

சனிக்கிழமை மூன்று மணிபோல ஒரு கதைப்புத்தகத்தோடு போவேன். மேசையின் கடைக்கோடியில் எனக்கொரு நாற்காலி. வெளிச்சம் மங்கும்வரை காத்திருந்து, எழுத்துத் தெரியவில்லை என்பதுபோல் கண்ணைச் சுருக்கி, எழுந்து சென்று சுவிட்சைப் போடுவேன். யாரும் நன்றி சொல்வதில்லை. நன்றி சொன்னால் அது அவர்களுக்காகப் போட்டதாகிவிடும். ஒருநாள் சந்தேகத்தில் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “உனக்காகத்தான் போடுகிறாய். அது உன் விளக்கு. உன் வெளிச்சத்தில் நாங்களும் கொஞ்சம் படித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்,” என்றார். நான் வீட்டுக்குப் போகும்போது விளக்கு எரிந்தபடியே இருக்கும். ஞாயிறு காலையில் தேன் போட்ட கேக்கில் ஒரு துண்டு, எதற்கென்று சொல்லாமல், எங்கள் வாசலுக்கு வரும்.

கதைப்புத்தகம் விரைவிலேயே அலுத்துவிட்டது. அவர்களைப் பார்ப்பதே சுவையாக இருந்தது. ஒரு வரியை வாசிப்பார்கள், அதன் மேல் அரைமணி நேரம் சண்டை பிடிப்பார்கள். மேசையில் குத்துவார்கள். ஒருவர் நல்ல பதில் சொன்னால் மற்றவர்கள் வருத்தப்படுவதுபோலிருக்கும். நல்ல கேள்வி கேட்டால் எல்லோருக்கும் முகம் மலரும். எங்கள் வீட்டில் நிலைமை நேரெதிர். பதில் தெரிந்தவனுக்குத்தான் மரியாதை. வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தால் அப்பா அன்று முழுவதும் என் பெயரைச் சொல்லி அழைப்பார், இரண்டாமிடம் என்றால் “உவன்” ஆகிவிடுவேன்.

வீட்டுக்காரரின் பேரனுக்குப் பதின்மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் ஒரு யூதப் பையன் சபையின் முன் நின்று வேதத்தில் தன் பங்கை இராகத்தோடு ஓத வேண்டும். அதற்கான பயிற்சி அந்த மேசையில்தான் நடந்தது. அவன் நல்ல பையன், ஆனால் இராகத்துக்குக் காது மந்தம். ஒரே இடத்தில் ஒவ்வொரு வாரமும் இராகம் கீழே இறங்க வேண்டியதற்கு மேலே ஏறுவான். எனக்கோ அம்மா பதிகங்களைப் பண்ணோடு சொல்லித் தந்திருந்தாள். பொருள் ஒரு துளியும் தெரியாமலே அவனுடைய பங்கு எனக்கு முழுதும் பாடமாகிவிட்டது.

அந்த டிசம்பர்ச் சனிக்கிழமை அறையில் வழக்கத்தைவிடக் கூட்டம். எப்போதும் ஆறேழு பேர். அன்று மேசையைச் சுற்றி இடமில்லை. ஏனென்று எனக்குத் தெரியும். காலையிலேயே அம்மா சொல்லியிருந்தாள்: “கீழை கிளாசுக்குள்ளை மெழுகுதிரி எரியுது. மகன் செத்த திவசமாம்.” வீட்டுக்காரரின் மகன், அதாவது பேரனின் தகப்பன், ஆறு வருடம் முன்பு நெஞ்சு நோயில் இறந்தவர். தகப்பனும் மகனும் சேர்ந்து வேதவிளக்க நூலொன்றைப் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். மகன் போனபின் கிழவர் தனியே அதைத் தொடர்ந்தார். இப்போது கடைசிப் பக்கத்தில் நின்றார். நூலை முடித்ததும் பத்து ஆண்கள் சூழ்ந்திருக்க, இறந்தவரை நினைந்து ஒரு துதி சொல்லலாமாம். அதை மகனின் நாளிலேயே சொல்லிவிட வேண்டுமென்பது அவர் ஆசை. அவர்களுடைய நாள் இருட்டியதோடு முடிந்துவிடும். இதையெல்லாம் பேரன்தான் வழியில் எனக்குச் சொன்னான். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நான் வாதாட முடியாது.

நான் விளக்கைப் போட்டேன். கடைசிப் பக்கத்தைத் தொடங்குமுன், தகப்பனுடைய நாளில் மகனும் ஏதாவது ஓதட்டும் என்று யாரோ சொன்னார்கள். பேரன் எழுந்து நின்றான். அவன் கைகள் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தன. நன்றாகவே ஓதிக்கொண்டு வந்தான். அந்த இடம் வந்தது. மேலே ஏறினான்.

கடைக்கோடியிலிருந்து நான் சரியாகப் பாடிக் காட்டினேன். ஒரு வரியோடு நிறுத்தியிருக்கலாம். முழுவதையும் பாடினேன்.

கிழவர்கள் சிரித்தார்கள். வியப்பில் வந்த சிரிப்பு. ஒருவர் மேசையைத் தட்டி, “பார்த்தீர்களா, சிலோன்காரன் நமக்கு ஓதுகிறான்,” என்றார். பேரனின் காதுகள் சிவந்தன. “நீ லைட் போட வந்தவன். லைட்டைப் பார்,” என்று பல்லுக்குள் சொன்னான். அது என்னைச் சுட்டது என்று பிற்காலத்தில் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். சுடவில்லை. பையன்கள் நாங்கள் அப்படித்தான் பேசிக்கொள்வோம். நான் பார்த்துக்கொண்டிருந்தது வீட்டுக்காரரின் முகத்தை. அவர் என்னை மெச்சப் போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ கையை மெல்ல உயர்த்தி, “இது அவனுடைய பங்கு. அவனே சொல்லட்டும்,” என்றார். பேரன் பிழையாகவே ஓதி முடித்தான். கிழவர் அவனை இழுத்துத் தலையில் முத்தமிட்டார்.

பிழைக்கு முத்தம். சரிக்கு ஒரு கை மறிப்பு. இப்படியொரு அநியாயத்தை நான் அதுவரை கண்டதில்லை.

கிழவர் நூலை அருகே இழுத்துக் கடைசிப் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினார். பாதிப் பக்கம் போயிருக்கும். நான் கதைப்புத்தகத்தை மூடினேன், எழுந்தேன், கதவடிக்குப் போனேன், சுவிட்சை அணைத்தேன். வீட்டில் அப்பா எந்த அறையை விட்டுப் போனாலும் லைட்டை அணைக்கச் சொல்வார். கேட்டால் அதைச் சொல்லலாம் என்ற விடையும் கையில் தயாராக இருந்தது. என் விளக்கு, என் படிப்பு முடிந்தது, அணைத்தேன். சட்டப்படி என்மேல் குற்றம் காண முடியாது.

நடையில் நின்று காதுகொடுத்தேன். யாரும் கோபப்படவில்லை.

“விளக்குக் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டார்,” என்றது ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

“தாத்தா, நான் போய்க் கூப்பிடட்டுமா?” இது பேரன்.

“கூப்பிட்டு என்ன சொல்வாய்?” என்றார் வீட்டுக்காரர்.

நான் தெருவுக்கு வந்து, அந்த அறையின் ஜன்னலுக்கு எதிரே விளக்குக் கம்பத்தின் கீழ் நின்றேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அவர் வெளியே வந்து என்னைக் கேட்க வேண்டும். சுற்றி வளைக்காமல், இருட்டாயிருக்கிறது என்று வானத்தைப் பார்த்துச் சொல்லாமல், “தம்பி, விளக்கைப் போடு” என்று வாயால் கேட்க வேண்டும். கேட்டால் ஓடிப்போய்ப் போட்டிருப்பேன். அவரால் கேட்க முடியாது என்று எனக்குத் தெரியும். கேட்க முடியாதவரிடம் கேள் என்று நிற்பதில் எனக்கு ஒரு இன்பம் இருந்தது. இந்த இடத்தில்தான் என்னால் என்னை மன்னிக்க முடிவதில்லை.

நூலை வெளிச்சமுள்ள வேறொரு வீட்டுக்கு எடுத்துப் போகவும் அவர்களுக்கு வழியில்லை. ஓய்வுநாளில் எதையும் தெருவில் சுமந்து செல்லக் கூடாது. ஜன்னல் கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ நெருங்கி வந்து சற்று நேரம் நின்றது. பிறகு விலகிப் போயிற்று. என் கால்விரல்கள் மரத்துப்போயின. வானத்தில் நட்சத்திரம் தெரியத் தொடங்கியபின் அறையில் விளக்கு எரிந்தது. ஓய்வுநாள் முடிந்துவிட்டது, இனி அவர்களே போட்டுக்கொள்ளலாம். மகனின் நாளும் முடிந்துவிட்டது. நான் வீட்டுக்கு ஓடினேன். ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டதற்கு, கதை நல்லாயிருந்தது என்றேன்.

மீதி வரிகளை அன்றே வாசித்து முடிக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்களாம். கிழவர் நூலை மூடிவிட்டு, அடுத்த வருடம் அந்த நாள் வரட்டும் என்றாராம். திங்களன்று பேரன் இதைச் சொன்னான், என் முகத்தைப் பாராமல். அடுத்த சனிக்கிழமை நான் போனபோது புதுக் கம்பி போட்டு, விளக்கு முன்னரே எரிந்துகொண்டிருந்தது. என் நாற்காலி இருந்தது. நான் உட்காரவில்லை. கோடையில் அப்பாவுக்கு விமான நிலையத்தில் வேலை கிடைத்து நாங்கள் ஹவுன்ஸ்லோவுக்கு மாறிவிட்டோம். அடுத்த வருடம் அந்த நாள் வந்தபோது கிழவர் நூலை முடித்தாரா, முடிக்க உயிரோடு இருந்தாரா என்று நான் விசாரிக்கவில்லை. எங்கள் வீட்டில் பெற்றோரின் திவசம் வரும்போதெல்லாம் அந்த ஜன்னல் நினைவுக்கு வரும். அப்போதும் விசாரிக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது விளக்கை அணைத்த சனிக்கிழமைக்கு மறுநாள் காலையைப் பற்றி. வீட்டுக்காரர் மேலே ஏறி வந்தார். அவர் ஒவ்வொரு படியிலும் கால் வைக்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டு, அப்பாவின் பின்னால் ஒளிந்து நின்றேன். கையில் வழக்கமான கேக் துண்டு. அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என்னிடம் பேச வேண்டும் என்றார்.

“என்ன, ஏதும் குழப்படி செய்தவனோ?” என்று அம்மா தமிழில் என்னைக் கேட்டாள்.

“உன்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தேன்,” என்றார் அவர். “அது உன் விளக்கு என்று நான் சொன்னேன். ஆனால் மனதுக்குள் அதை எங்கள் விளக்காகவே வைத்திருந்தேன். ஒரு பிள்ளையிடம் அப்படிப் பேசியது சரியல்ல.”

அப்பா திகைத்துப் போனார். வெள்ளைக்காரர் ஒருவர், அதுவும் வீட்டுக்காரர், தன் மகனிடம் மன்னிப்புக் கேட்பதை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. “சொல்லடா, பரவாயில்லை எண்டு சொல்லு,” என்று என் தோளைத் தள்ளினார்.

“பரவாயில்லை,” என்றேன். பெருந்தன்மையோடுதான் சொன்னேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் தப்பிவிட்டேன் என்ற நிம்மதியில் தாராளமாகவே மன்னித்தேன்.

அவர் தலையசைத்தார். படியில் இரண்டடி இறங்கி, கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பி என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“நேற்று வெகுநேரம் வெளியே நின்றாய். குளிர்ந்திருக்குமே,” என்றார்.

இருட்டறையிலிருந்து பார்க்கிறவருக்குத் தெருவிளக்கின் கீழ் நிற்பவன் எவ்வளவு துலக்கமாகத் தெரிவான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. என்மேல் உள்ள அக்கறையில் கேட்கிறார் என்றே எண்ணினேன்.

“இல்லை,” என்றேன். “அவ்வளவு குளிரவில்லை.”